யாருக்கும் தேவையில்லாத ஓர் ஆட்டம்



கால்பந்தைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் உங்களில் பலர் உலகக் கோப்பையை எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது அதைவிட மிகச் சிறிய விஷயம். ஸ்பெயின் நாட்டில் பெண்கள் அணிகளுக்காக நடக்கும் சூப்பர் கோப்பை. இப்போதைய வடிவில் மொத்தமே மூன்று ஆட்டங்கள்தான்: இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. ஒரு வாரத்துக்குள் தொடங்கி முடிந்துவிடும். இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்டால், இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

முதலில் சூப்பர் கோப்பை என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகளில் ஒரு பருவத்தில் இரண்டு பெரிய பரிசுகள் உண்டு. ஒன்று லீக், எல்லா அணிகளும் எல்லா அணிகளோடும் மாதக்கணக்கில் ஆடி, அதிகப் புள்ளி எடுத்தவருக்குப் பட்டம். இன்னொன்று தேசியக் கோப்பை. தோற்றால் வெளியேற வேண்டியதுதான். லீகை வென்றவரும் கோப்பையை வென்றவரும் தங்களுக்குள் ஆடிப் பார்க்கும் ஆட்டமே சூப்பர் கோப்பை. இதில் வென்றால் மேல் பிரிவுக்குப் போக முடியாது. தோற்றால் கீழே இறங்கப் போவதும் இல்லை. ஐரோப்பியப் போட்டிக்கு இடமும் இதன் வழியாகக் கிடைக்காது. ஆகவே, இது நடக்காமல் போனாலும் எந்த அணியின் கணக்கிலும் எதுவும் குறையாது.

லீக் நடத்தியே ஆக வேண்டும். வீராங்கனைகள் இருக்கிறார்கள், கழகங்கள் இருக்கின்றன, ஐரோப்பியப் போட்டிக்கு யாரையாவது அனுப்ப வேண்டும். சூப்பர் கோப்பை அப்படியில்லை. நடத்துகிறவர் மனம் வைத்தால்தான் அது உண்டு. கல்யாண வீட்டில் பந்தி முடிந்து தரும் தாம்பூலப் பை மாதிரி. அது இல்லாமலும் வயிறு நிறைந்துவிடும். ஆனால் யாருக்குக் கொடுத்தார்கள், யாரை மறந்தார்கள், கையில் கொடுத்தார்களா, மேசையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னார்களா என்பதில் அந்த வீட்டாரின் மனசு தெரிந்துவிடும். கால்பந்து அதிகாரிகள் பெண்களின் ஆட்டத்தை உள்ளூர எப்படி மதிக்கிறார்கள் என்று அறிய வேண்டுமானால், லீகின் புள்ளிப் பட்டியலைவிட சூப்பர் கோப்பையின் வரலாறு நல்ல சாட்சி. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஸ்பெயினில் ஆண்களுக்கான சூப்பர் கோப்பை இன்றைய பெயரில் 1982-இல் தொடங்கியது. அதற்கு முன்னோடியாக 1947 முதல் 1953 வரை ஒரு கோப்பை நடந்தது. அதன் பெயர் ஏவா துவார்த்தே கோப்பை. அர்ஜென்டினா அதிபர் பெரோனின் மனைவி ஏவா பெரோன் 1947-இல் ஸ்பெயினுக்கு வந்தார். அந்தத் தொடர்பில் வந்த கோப்பைக்கு அவருடைய பிறந்த வீட்டுப் பெயரையே வைத்தார்கள். லீக் சாம்பியனும் கோப்பைச் சாம்பியனும் அதற்காக மோதினார்கள். ஒரு பெண்ணின் பெயரைப் பொறித்த கோப்பையை ஆண்கள் ஏந்திக்கொண்டிருந்த அந்த நாளில், பெண்கள் பந்தை உதைப்பதற்கு அந்த நாட்டில் எந்த அங்கீகாரமும் கிடையாது.

ஆசை மட்டும் இருந்தது. அதுவும் வெகுநாளாக. 1914-லேயே பார்சிலோனாவில் ஒரு பெண்கள் கழகம் உருவாகி, அதன் இரு அணிகள் பொதுமக்கள் முன்னால் ஆடின. பார்சிலோனா கழகத்தில் ஆடிய பாகோ புரூ என்பவர்தான் அவர்களுக்குப் பயிற்சி தந்தார். பின்னாளில் ஸ்பெயின் ஆண்கள் தேசிய அணியின் முதல் பயிற்சியாளர் ஆனவரும் இவரே. அந்த முயற்சி நீடிக்கவில்லை. பிறகு உள்நாட்டுப் போர், ஃபிராங்கோவின் ஆட்சி. பெண் என்றால் வீடு, வழிபாடு, பிள்ளை என்று பாடம் நடத்திய காலம்.

1970 டிசம்பரில் மாட்ரிட் நகரின் வியாவெர்தே பகுதியில் ஒரு பெண்கள் ஆட்டம் நடந்தது. எட்டாயிரம் பேர் அளவில் கூடினார்கள் என்கிறார்கள். கொன்சி சான்செஸ் என்ற பதின்மூன்று வயதுச் சிறுமி அன்று ஐந்து கோல் அடித்தாள். பிற்பாடு இத்தாலிக்குப் போய், ஆட்ட வாழ்க்கையின் பெரும்பகுதியை அங்கேயே கழித்தவர் அவர். அடுத்த ஆண்டு, 1971 பிப்ரவரியில், முர்சியா நகரத்து மைதானத்தில் போர்ச்சுகலுக்கு எதிராக ஸ்பெயின் பெண்கள் ஆடினார்கள். 3-3. ஆனால் நாட்டின் கால்பந்துக் கூட்டமைப்பின் சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்ள அவர்களுக்கு அனுமதி இல்லை. அப்போது கூட்டமைப்பின் தலைவராக இருந்த பேரெஸ்-பாயா, தாம் பெண்கள் கால்பந்துக்கு எதிரி இல்லை என்று தொடங்கி, காற்சட்டையும் பனியனும் பெண்ணுக்கு அழகு சேர்க்காது, வட்டார மரபு உடை எதுவானாலும் அதைவிட நன்றாயிருக்கும் என்ற பொருள்படப் பேசினார். எதிரி இல்லை என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று நம் எல்லாருக்கும் தெரியும்.

கூட்டமைப்பு பெண்கள் கால்பந்தைத் தன் குடைக்குள் எடுத்துக்கொண்டது 1980-இல். பெண்களின் தேசியக் கோப்பையான அரசி கோப்பை 1983-இல் வந்தது. தேசிய லீக் 1988-இல். ஆக லீக் சாம்பியன் என்று ஒருவரும், கோப்பைச் சாம்பியன் என்று ஒருவரும் 1980-களின் இறுதியிலேயே தயார். சூப்பர் கோப்பைக்குத் தேவையான சரக்கு அவ்வளவுதான். அதற்கு மேலும் பல ஆண்டுகள் கழித்து, 1997-இல்தான் பெண்களுக்கு சூப்பர் கோப்பை வந்தது, 2000-இல் நின்றுபோனது. இன்று ஸ்பெயினின் கால்பந்து ரசிகரிடம் அந்த நாலு வருடத்துச் சாம்பியன்களைக் கேட்டால், பத்துக்கு ஒன்பது பேர் விழிப்பார்கள். போட்டியை நிறுத்தியபோது தெருவில் யாரும் கொடி பிடிக்கவில்லை. பார்வையாளர் குறைவு, தொலைக்காட்சி இல்லை, பெரும்பாலான வீராங்கனைகளுக்குச் சம்பளமும் இல்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டு மாலையில் பயிற்சிக்கு வந்தவர்களிடம் இன்னும் ஓர் ஆட்டம் ஆடுங்கள் என்பது அன்பளிப்பா, சுமையா என்றுகூட ஒருவர் கேட்கலாம். அந்தக் கேள்வியை நான் ஒதுக்கவில்லை.

இது ஸ்பெயினின் தனிக்கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கூட்டமைப்பு 1955-இல் பெண்கள் கால்பந்துக்குத் தடை போட்டது. தன் கழகங்கள் பெண்களுக்கு மைதானம் தரக்கூடாது என்றது. 1970-இல்தான் தடை நீங்கியது. 1989-இல் மேற்கு ஜெர்மனியின் பெண்கள் அணி ஐரோப்பியச் சாம்பியன் ஆனபோது, இறுதிப் போட்டியில் நார்வேயை 4-1 என்று வென்று வந்தவர்களுக்குக் கூட்டமைப்பு என்ன பரிசு தந்தது தெரியுமா? ஆளுக்கு ஒரு காபி செட். கோப்பையும் சாசரும், பூப்போட்ட பீங்கான். அந்தப் பீங்கான் இன்று ஜெர்மானியக் கால்பந்து அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருள்.

அந்த ஜெர்மனியில் பெண்களுக்கான சூப்பர் கோப்பை 1992-இல் தொடங்கி 1997-இல் நின்றது. திரும்பி வந்தது 2024-இல். நடுவில் இருபத்தேழு ஆண்டு. அந்த இடைவெளியில் ஜெர்மன் பெண்கள் 2003-லும் 2007-லும் உலகக் கோப்பையை வென்றார்கள். 2016-இல் ரியோவில் ஒலிம்பிக் தங்கம். அவர்களுடைய கழகங்கள் ஐரோப்பியக் கோப்பைகளை வரிசையாக வாங்கின. உலகத்தின் முதல் தர ஆட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. சூப்பர் கோப்பை மட்டும் இல்லை. ஆகவே தரம் உயர்ந்ததும் இது தானாக வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஆகஸ்டில் டிரெஸ்டன் நகரில் பயர்ன் மியூனிக் 1-0 என்று வோல்ஃப்ஸ்பர்கை வென்றது. திரும்பி வந்த போட்டி அப்படித் தொடங்கியது.

இங்கிலாந்துக் கதை இன்னும் வேடிக்கை. அங்கே சூப்பர் கோப்பைக்குப் பெயர் கம்யூனிட்டி ஷீல்டு. பெண்களுக்கு 2000-இல் தொடங்கி 2008 வரை ஓடியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2020 ஆகஸ்ட் 29 அன்று, வெம்ப்ளியில் உயிர்த்தெழுந்தது. ஆண்கள் ஆட்டமும் பெண்கள் ஆட்டமும் ஒரே நாளில், ஒரே மைதானத்தில். செல்சி 2-0 என்று மான்செஸ்டர் சிட்டியை வென்றது. மில்லி பிரைட்டும் எரின் கத்பர்ட்டும் கோல் அடித்தார்கள். கொரோனா காலம் என்பதால் தொண்ணூறாயிரம் இருக்கைகளும் காலி. பெண்களுக்கு வெம்ப்ளி கிடைத்தது, பார்க்க ஆளில்லாத நாளில். சரி, அடுத்த ஆண்டு ஆட்களோடு நடக்கும் என்று பார்த்தால், அடுத்த ஆண்டு நடக்கவே இல்லை. அதற்கடுத்த ஆண்டுகளிலும் இல்லை. இத்தனைக்கும் 2022-இல் இங்கிலாந்துப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்று நாடே கொண்டாடியது. பிரான்ஸைப் பற்றி நீட்ட வேண்டாம்: 2019-இல் ஒரு முறை, பிறகு 2022-லும் 2023-லும். மூன்றிலும் லியோன் வென்றது, மூன்றிலும் தோற்றது பாரிஸ் சாங் ஜெர்மான்.

ஸ்பெயினுக்குத் திரும்புவோம். 2020-இல் என்ன மாறியது?

ஆண்களின் சூப்பர் கோப்பையிலிருந்து தொடங்க வேண்டும். 2018-இல் கூட்டமைப்பின் தலைவராக வந்த லூயிஸ் ரூபியாலெஸ், இரண்டு அணிப் போட்டியை நான்கு அணிப் போட்டியாக மாற்றி, 2020 ஜனவரியில் அதைச் சவூதி அரேபியாவின் ஜெட்டாவுக்குக் கொண்டு போனார். ஆண்டுக்குச் சுமார் நாற்பது மில்லியன் யூரோ பேரம் என்று பத்திரிகைகள் எழுதின. மனித உரிமை பற்றிக் கேள்வி எழுந்தபோது, மைதானத்துக்குள் பெண்கள் தடையில்லாமல் வரலாம் என்று உறுதி வாங்கியிருக்கிறோம் என்பது பதில்களில் ஒன்று. அடுத்த மாதமே, அதே நான்கு அணி வடிவில், பெண்களுக்கும் சூப்பர் கோப்பை. ஆண்களுக்குச் சவூதி, பெண்களுக்குச் சலமான்கா.

சலமான்கா நல்ல ஊர், பழைய பல்கலைக்கழக நகரம், குறை சொல்ல மாட்டேன். நேரத்தைத்தான் கவனிக்க வேண்டும். 2019 நவம்பரில் ஸ்பெயின் லீக் வீராங்கனைகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 16,000 யூரோ, பகுதி நேர ஒப்பந்தத்துக்கு ஒரு வரம்பு, கர்ப்பக் காலப் பாதுகாப்பு, இவ்வளவுதான் கேட்டார்கள். வேலைநிறுத்தம் தொடங்கிய வார இறுதியில் முதல் பிரிவில் பந்து உருளவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தானது 2020 பிப்ரவரியில். புதிய சூப்பர் கோப்பையின் முதல் இறுதிப் போட்டி அதே மாதம் 9-ஆம் தேதி. சம்பளத்துக்கே போராட வேண்டியிருந்த மாதத்தில் புதுக் கோப்பையும் கிடைத்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமல் அந்தப் போட்டியின் பிறப்பைப் புரிந்துகொள்ள முடியாது.

நான்கு அணி வடிவத்தை நான் ஆதரிக்கிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்த இருவர், லீகில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள். ஒரே அணி இரண்டு வழியிலும் வந்தால் லீகில் அடுத்த இடத்தவருக்கு வாய்ப்பு. ஆண்கள் போட்டியில் இது பணத்துக்காகச் செய்த மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பெண்கள் போட்டியில் அதற்கு ஆட்டக் காரணமே உண்டு. ஒரே அணி லீகையும் கோப்பையையும் ஆண்டுதோறும் அள்ளிப் போகும் நாட்டில், இரண்டு அணி சூப்பர் கோப்பை வெறும் சடங்கு.

அந்த ஒரே அணி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பார்சிலோனா. முதல் இறுதிப் போட்டியில், சலமான்காவின் எல்மான்திகோ மைதானத்தில், ரியல் சொசியெதாத் அணியை 10-1 என்று வென்றது. பத்துக்கு ஒன்று! 2022-இல் அத்லெடிகோ மாட்ரிட்டை 7-0. 2023-இல் மறுபடி ரியல் சொசியெதாத், 3-0. 2024-இல் லெவாந்தே, 7-0. 2025-இல் ரியல் மாட்ரிட், 5-0. இந்த ஐந்து இறுதிப் போட்டிகளில் 32 கோல் அடித்து ஒன்றே ஒன்று வாங்கினார்கள். இதைச் சொன்னதும் ஒரு நண்பர், அப்படியானால் இது போட்டியே இல்லை, ஊர்வலம் என்றார்.

அவர் இறுதிப் போட்டிகளின் எண்களை மட்டும் பார்த்தார். அரையிறுதிகளைப் பாருங்கள். 2020-இல் பார்சிலோனா அரையிறுதியில் அத்லெடிகோவை வென்றது 3-2 என்ற கணக்கில். அதற்கு முந்தைய மூன்று லீக் பட்டங்களும் அத்லெடிகோவுடையவை என்பதை நினைவில் வையுங்கள். 2021-இல் அல்மெரியாவில் அதே இரண்டு அணிகள். ஆட்டம் 1-1, பெனால்டியில் அத்லெடிகோ வென்றது, இறுதியில் லெவாந்தேயை 3-0 என்று வீழ்த்திக் கோப்பையையும் எடுத்தது. அந்த ஆண்டு பார்சிலோனா லீகை வென்றது, அரசி கோப்பையை வென்றது, சாம்பியன்ஸ் லீக் இறுதியில் செல்சியை 4-0 என்று நசுக்கியது. அவர்கள் கைக்கு எட்டாமல் போன ஒரே கோப்பை இந்தச் சின்னக் கோப்பை. 2022 அரையிறுதியில் ரியல் மாட்ரிட் கிட்டத்தட்ட கடைசி நிமிடம் வரை கோல் விடாமல் தாங்கியது. அலெக்ஸியா புதெயாஸ் தலையால் முட்டிய பந்துதான் 1-0 என்று முடித்தது. தங்கப் பந்து விருது வாங்கி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை அவருக்கு. 2023 அரையிறுதியில் அதே ரியல் மாட்ரிட் கூடுதல் நேரம் வரை இழுத்தது. உண்மையான இறுதிப் போட்டி பல ஆண்டுகளில் அரையிறுதியிலேயே நடந்துவிட்டது. நான்கு அணி வடிவம் இல்லாவிட்டால் இந்த ஆட்டங்களில் பாதி நமக்குக் கிடைத்திருக்காது.

2022 இறுதிப் போட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 7-0 என்ற எண்ணை வைத்து யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அன்று மைதானத்தில் இருந்தவர்கள் எண்ணை மறந்திருப்பார்கள்.

அத்லெடிகோவின் நடுக்கள வீராங்கனை விர்ஹினியா தொரெசியா. மயோர்கா தீவுக்காரர். முன்பு பார்சிலோனாவுக்கு ஆடியவர், பிறகு பிரான்ஸில் மோன்பெலியேவுக்கு, அங்கிருந்து அத்லெடிகோவுக்கு. 2020 மே மாதம் மூளையில் கட்டி என்று கண்டறிந்து அறுவை செய்தார்கள். அதன்பின் நீண்ட சிகிச்சை. அவர் கடைசியாக ஆடி இரண்டு ஆண்டுகள் ஆகப்போகிற நேரம், 2022 ஜனவரி 23. அணி பெருந்தோல்வியில் நின்றுகொண்டிருக்கிறது, இன்னும் சில நிமிடங்களே மீதி. பயிற்சியாளர் அவரை உள்ளே அனுப்பினார். இரண்டு அணிகளும் கைதட்டின. ஆட்டம் முடிந்ததும் பார்சிலோனா வீராங்கனைகள் தங்கள் கோப்பையைக் கொண்டாடப் போகாமல் முதலில் அவரிடம் வந்தார்கள். எதிரணிக்காரியைத் தோளுக்கு மேல் தூக்கி, காற்றில் வீசிப் பிடித்தார்கள். புள்ளிக் கணக்கு ஓடுகிற லீக் ஆட்டத்தில் இப்படி ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்கப் பயிற்சியாளர் இரண்டு முறை யோசிப்பார். யாருக்கும் தேவையில்லாத ஆட்டம் என்று சொன்னேனே, அதற்கு இப்படி ஒரு சௌகரியமும் உண்டு.

அந்த இறுதிப் போட்டி எங்கே நடந்தது? லாஸ் ரோஸாஸ். மாட்ரிட்டுக்கு வெளியே உள்ள கூட்டமைப்பின் சொந்தப் பயிற்சி வளாகம். தேசிய அணிகள் முகாமிடும் இடம். பெருந்தொற்றுக் காலம் முழுதாக முடியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே மாதம் ஆண்கள் போட்டி ரியாத்துக்குப் போய்வந்தது. லாஸ் ரோஸாஸ் ஆட்டம் முடிந்து இரண்டே மாதத்தில், 2022 மார்ச் 30 அன்று, பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் மோதின. கேம்ப் நோவில் வந்த கூட்டம் 91,553. அடுத்த மாதம் வோல்ஃப்ஸ்பர்குக்கு எதிராக 91,648. மக்கள் வரத் தயாராக இருந்தார்கள். அவர்களை வரவழைக்கும் இடத்தில் ஆட்டத்தை வைக்க வேண்டும் என்று தோன்ற வேண்டியவர்களுக்குத்தான் தோன்றவில்லை.

இனி மெரிதா. 2023 ஜனவரி 22.

மெரிதா, ரோமானியர் கட்டிய நகரம். இரண்டாயிரம் ஆண்டுப் பழைய அரங்கம் ஒன்று இன்றும் நிற்கிறது. அங்கே கால்பந்து மைதானத்துக்கும் ரோமானோ என்றுதான் பெயர். பார்சிலோனா 3-0 என்று வென்றது. ஐதானா பொன்மதி இரண்டு கோல், நைஜீரியாவின் அசிசாத் ஒஷோலா ஒன்று. ஆட்டம் முடிந்து பரிசளிப்பு. பதக்கங்கள் ஒரு பக்கம் வைக்கப்பட்டிருந்தன. கழுத்தில் போட்டுவிட யாரும் வரவில்லை. வீராங்கனைகள் ஒவ்வொருவராகப் போய்த் தாங்களே எடுத்துக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் மாட்டிவிட்டுக்கொண்டார்கள். ஒரு வாரம் முன்பு, அதே சூப்பர் கோப்பையின் ஆண்கள் பதிப்பு ரியாத்தில் முடிந்திருந்தது. அங்கும் வென்றது பார்சிலோனாதான். அங்கே மேடை, வாணவேடிக்கை, கழுத்துக்குக் கழுத்து பதக்கம். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஸ்பெயின் முழுதும் பகிர்ந்தார்கள். விளக்கம் எழுத வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கூட்டமைப்புக்கும் வீராங்கனைகளுக்கும் உறவு எந்த நிலையில் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான்கு மாதம் முன்னால், 2022 செப்டம்பரில், தேசிய அணியின் பதினைந்து வீராங்கனைகள் தனித்தனியாக மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்கள். நிலைமை மாறாவிட்டால் எங்களை அழைக்க வேண்டாம் என்று. பயிற்சியாளர் ஹோர்ஹே வில்தாவின் நிர்வாக முறையும் தயாரிப்பின் தரமும் அவர்களது மன நலத்தையும் உடல் நலத்தையும் பாதிப்பதாகச் சொன்னார்கள். மன்னிப்புக் கேட்டால்தான் திரும்பி வரலாம் என்றது கூட்டமைப்பு. மெரிதாவில் பதக்கத்தைத் தாங்களே எடுத்துக்கொண்டவர்களில் அந்தப் பதினைவரில் சிலரும் உண்டு. பொன்மதி அவர்களில் ஒருவர். அன்று யாரும் வராதது வேண்டுமென்றே செய்ததா, வெறும் அலட்சியமா என்று பலர் வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதத்தில் அக்கறை இல்லை. அலட்சியம் என்றே வைத்துக்கொள்வோம். ஆண்கள் மேடையில் அந்த அலட்சியம் ஏன் நேரவில்லை?

ஏழு மாதம் கழித்து, 2023 ஆகஸ்ட் 20, சிட்னி. ஓல்கா கார்மோனாவின் கோலில் ஸ்பெயின் 1-0 என்று இங்கிலாந்தை வென்று உலகச் சாம்பியன் ஆனது. பதக்க மேடை. இம்முறை கூட்டமைப்பின் தலைவர் ரூபியாலெஸ் வந்திருந்தார். வரிசையில் வந்த ஹென்னி எர்மோசோவின் தலையை இரு கையாலும் பிடித்து உதட்டில் முத்தமிட்டார். மற்றது உலகம் அறிந்தது. முதலில் அலட்சியமாகப் பேசினார், ராஜினாமா செய்யமாட்டேன் என்று பொதுக்குழுவில் திரும்பத் திரும்ப முழங்கினார், செப்டம்பரில் பதவி விலகினார். வில்தா அதற்கு முன்பே நீக்கப்பட்டிருந்தார். 2025 பிப்ரவரியில் ஸ்பெயினின் தேசிய நீதிமன்றம் பாலியல் தாக்குதல் குற்றத்துக்காக ரூபியாலெஸுக்கு 10,800 யூரோ அபராதம் விதித்தது.

மெரிதாவில் பதக்கம் கொடுக்க ஒரு கையும் நீளவில்லை. சிட்னியில் கை வேறு விதமாக நீண்டது. இரண்டையும் நான் தனித்தனி நிகழ்ச்சிகளாகப் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவர் தன் உழைப்பால் அந்த மேடைக்கு வந்த ஒரு தொழில்முறை ஆட்டக்காரர் என்ற எண்ணம் இரண்டு இடத்திலும் இல்லை. சிட்னியில் உலகத்தின் கேமராக்கள் இருந்தன, அதனால் உலகம் பார்த்தது. மெரிதாவில் பார்க்க வேண்டியதை ஜனவரியிலேயே பார்த்தவர்கள் ஸ்பெயினின் பெண்கள் கால்பந்து ரசிகர்கள். அவர்களுக்கு ஆகஸ்டில் அதிர்ச்சி இருந்திருக்கும், ஆச்சரியம் இருந்திருக்காது.

அதற்கடுத்த இரண்டு ஆண்டுகளும் போட்டி மாட்ரிட்டை ஒட்டிய லெகனேஸ் நகரின் புதார்கே மைதானத்தில் நடந்தது. லாஸ் ரோஸாஸோடு ஒப்பிட்டால் முழுமையான ஆட்டக்களம். ஆண்களின் முதல் பிரிவு ஆட்டங்கள் நடந்த இடம். 2025 ஜனவரியில் அங்கேதான் முதல்முறையாகப் பார்சிலோனாவும் ரியல் மாட்ரிட்டும் இந்தக் கோப்பையின் இறுதியில் சந்தித்தன. ரியல் மாட்ரிட் பெண்கள் அணி என்பதே 2020-இல் வந்தது. தாக்கோன் என்ற தனிக் கழகத்தை உள்வாங்கிக்கொண்டு உருவானது. சலமான்காவில் முதல் போட்டி நடந்தபோது அந்தப் பெயரில் ஓர் அணியே கிடையாது. உலகத்தின் மிகப் பணக்காரக் கழகங்களில் ஒன்று பெண்கள் அணி வைக்க 2020 வரை காத்திருந்தது என்பது தனிச் சொற்பொழிவுக்கான விஷயம், இன்று தொடவில்லை. 5-0 என்று தோற்றார்கள். அதுவரை பார்சிலோனாவை அவர்கள் ஒரு முறைகூட வென்றதில்லை. இரண்டே மாதத்தில், மார்ச் 23 அன்று, லீக் ஆட்டத்தில் பார்சிலோனாவின் மண்ணிலேயே 3-1 என்று வென்றார்கள். ஊர்வலம் என்று சொன்ன நண்பருக்கு அன்று இரவு நான் ஒரே ஒரு செய்திதான் அனுப்பினேன், அந்த எண்ணை மட்டும்.

கடைசியாக, ஸ்பெயினுக்கு வெளியே ஒரு விஷயம். ஐரோப்பிய அளவில் ஆண்களுக்கு சூப்பர் கோப்பை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் ஆன்டன் விட்காம்ப் என்ற டச்சுப் பத்திரிகையாளர் கிளப்பிய யோசனை அது. ஐரோப்பாவில் இரண்டு பெரிய கோப்பைகள் இருக்கின்றன, இரு சாம்பியன்களில் யார் பெரியவர் என்று பார்த்துவிடலாமே என்றார். பெண்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கவே வழியில்லாமல் இருந்தது. ஐரோப்பியக் கழகக் கோப்பை 2001-இல் தொடங்கி, இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றே ஒன்றுதான். ஒரே சாம்பியன், அவர் யாரோடு ஆடுவார்? 2025-26 பருவத்தில்தான் இரண்டாவதாக ஐரோப்பா கோப்பை பெண்களுக்கும் வந்தது. இனி ஒவ்வொரு ஆண்டும் மே மாத முடிவில் ஐரோப்பாவில் இரண்டு சாம்பியன்கள் இருப்பார்கள். கேள்வியைக் கேட்க முடியாது என்ற காரணம் போய்விட்டது. ஐரோப்பியக் கூட்டமைப்பின் ஆகஸ்ட் மாத அட்டவணையில் ஆண்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. பெண்களுக்கு ஒரு நாளை எந்த ஆண்டில், எந்த ஊரில் எழுதப் போகிறார்கள் என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்களிடம் கேள்விகள் இருக்கும். கேளுங்கள்.